ஆல்ட்டோஸ் அட்வென்ச்சர்

ஆல்ட்டோஸ் அட்வென்ச்சர் என்பது தொடுதிரைச் செல்பேசிகளுக்கென உருவாக்கப்பட்ட பனிச்சறுக்கு நிகழ்பட விளையாட்டு ஆகும். ஆல்ட்டோவின் சாகசம் என்பது இப்பெயரின் பொருள். கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்னோமேன் என்னும் சிறு நிறுவனமும், பிரித்தானிய ஓவியரும் நிரலாளருமான ஹாரி நெஸ்பிட்டும் இணைந்து இதனை உருவாக்கினர். பெப்ரவரி 19, 2015 அன்று ஐபோன், ஐபேடு ஆகிய கருவிகளுக்கும், பெப்ரவரி 11, 2016 அன்று ஆண்ட்ராய்டு இயங்குதளத்துக்கும் இது வெளியானது.

பேருந்துக்குக் காத்திருக்கும் சில நிமிடங்களில், முன்பயிற்சி ஏதுமின்றி எவரும் ஆடக்கூடியவற்றை இலகு விளையாட்டுகள் என்பர். ஆல்ட்டோஸ் அட்வென்ச்சர் அவ்வகையைச் சேர்ந்தது. ஆடுபவரை விடாமல் பிடித்து வைத்திருக்கும் பல உத்திகள் இவ்வகை விளையாட்டுகளில் வழக்கமாக உண்டு. புள்ளிகள், நாணயங்கள், படிநிலைகள், அடுத்தடுத்த இலக்குகள் என அவற்றுள் பலவும் இவ்விளையாட்டிலும் உள்ளன. எனினும் 2016 இல் அவை அனைத்தையும் நீக்கிவிட்டு ஆடும் முறை ஒன்றும் இதில் சேர்க்கப்பட்டது. அவற்றை எல்லாம் எடுத்த பின்னும் மக்கள் இதனை விரும்பி ஆடினர் என்பதே இவ்விளையாட்டைப் பற்றிக் குறிப்பிடத்தக்க செய்தி ஆகும்.

விளையாடும் முறை

ஆல்ட்டோ மலைச் சிற்றூர் ஒன்றில் இலாமா மேய்க்கும் இளைஞன். இலாமா என்பது தென் அமெரிக்காவின் அந்தீசு மலைப்பகுதிகளில் பொதி சுமப்பதற்காகவும் கம்பளி மயிருக்காகவும் வளர்க்கப்படும், ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு ஆகும். தப்பிச் சென்ற இலாமாக்கள் மலைச்சரிவில் ஓடுகின்றன. ஆல்ட்டோ தன் பலகையில் ஏறி அவற்றைப் பிடிக்கக் கிளம்புகிறான். கதை இவ்வளவே. இதற்கு முன்னும் பின்னும் உரையாடலோ நீண்ட விளக்கமோ கிடையாது.

தமிழில் பனிச்சறுக்கு எனப் பொதுவாகச் சொல்லப்படுவதில் இரு வகைகள் உள்ளன. இரு கால்களிலும் தனித்தனியே நீண்ட கட்டைகளைப் பூட்டி, கைகளில் ஊன்றுகோல்களுடன் சறுக்குவது ஒன்று. அகன்ற ஒரே பலகையில் இரு பாதங்களையும் பூட்டிப் பக்கவாட்டில் நின்று சறுக்குவது மற்றொன்று. ஆல்ட்டோ சறுக்குவது இரண்டாம் வகை.

மலைச்சரிவு பக்கவாட்டுத் தோற்றமாகத் திரையில் காட்டப்படுகிறது. பலகை தானாகவே இடமிருந்து வலமாகக் கீழ்நோக்கிச் செல்கிறது. ஆடுபவர் திரையை ஒருமுறை தொட்டால் ஆல்ட்டோ எம்புவான். அந்தரத்தில் இருக்கும்போது விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் பின்புறமாகக் குட்டிக்கரணம் அடிப்பான். விரலை எடுத்தால் சுழற்சி நிற்கும். அடிப்படைக் கட்டுப்பாடுகள் இவ்விரண்டு மட்டுமே. திசை மாற்றவும் வேகத்தைக் கூட்டவும் நிறுத்தவும் தனிப் பொத்தான்கள் இல்லை.

பலகையின் கோணமும் சரிவின் கோணமும் ஏறத்தாழ ஒத்திருக்கும்போது தரை இறங்கினால் கரணம் வெற்றி பெறும், பலகைக்குக் கூடுதல் வேகமும் கிட்டும். கோணம் பிழைத்தால் ஆல்ட்டோ பனியில் தலைகுப்புற விழுவான், அந்த ஆட்டம் முடிந்துவிடும். கரணம் தப்பினால் மரணம் என்னும் பழமொழி இங்கு சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. தரையில் கிடக்கும் பாறையில் மோதினாலும், மலைப்பிளவுக்குள் விழுந்தாலும் முடிவு அதுவே.

மலைவழியில் சிற்றூர்களும் அவற்றின் கூரைகளும், இரு முனைகளுக்கிடையே கட்டப்பட்ட தோரணக் கயிறுகளும் வருகின்றன. கூரையின் மீதும் தோரணத்தின் மீதும் பலகையால் வழுக்கிச் செல்லலாம். ஒரு வித்தையை முடித்த கையோடு அடுத்ததைச் செய்தால் இரண்டும் ஒரே தொடராகக் கணக்கிடப்பட்டு, புள்ளிகள் பெருகும். ஆல்ட்டோவின் கழுத்தில் பறக்கும் துணியும் அதற்கேற்ப நீளும். எண்களைப் பாராமல் அத்துணியின் நீளத்தை வைத்தே தன் நிலையை அறிந்துகொள்ளலாம் என்பது நேர்த்தியான ஓர் ஏற்பாடு. வித்தைத் தொடரால் கிடைக்கும் வேகம் நீடிக்கும் சிறு பொழுதுக்குள் வழியிலுள்ள பாறைகளை உடைத்துக்கொண்டும் செல்ல இயலும்.

சில இடங்களில் ஊர்ப் பெரியவர் ஒருவர் தூக்கம் கலைந்து, இலாமா மீதேறி, கோலுடன் ஆல்ட்டோவைத் துரத்துவார். அமைதியாகச் செல்லும் ஆட்டத்தில் பதற்றம் நுழையும் இடம் இது. வேகத்தை இழக்காமல் வித்தைகளைத் தொடர்ந்தால்தான் அவரிடமிருந்து தப்ப முடியும்.

ஆட்டத்தில் மொத்தம் 60 படிநிலைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மூன்று வீதம் 180 இலக்குகள். குறிப்பிட்ட தொலைவைக் கடத்தல், குறிப்பிட்ட எண்ணிக்கையில் இலாமாக்களைப் பிடித்தல், கூரையிலிருந்து கூரைக்குத் தாவுதல் போன்றவை அவ்விலக்குகள். ஒரே வேளையில் மூன்று இலக்குகளைக் கொடுத்து, அவை முடிந்தபின் அடுத்த மூன்றைக் கொடுக்கும் முறை புதிதன்று. 2011 இல் வெளியான ஜெட்பேக் ஜாய்ரைடு முதலிய செல்பேசி விளையாட்டுகளில் அதனைக் காணலாம். படிநிலை உயரும்போது மாயா, பாஸ், இசெல் முதலிய வேறு சறுக்கு வீரர்களும் கிடைக்கின்றனர். ஆல்ட்டோவுடன் சேர்த்து அறுவர். அவர்களுள் ஒன்று ஃபெலிப்பே என்னும் இலாமா. சேர்த்த நாணயங்களைக் கொண்டு சிறகுடை போன்றவற்றை வாங்கலாம். சிறகுடை அணிந்தவர் சிறிது தூரம் பறவைபோல் மிதந்து செல்வார்.

முன்னோடிகள்

கணினியில் பனிச்சறுக்கு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது 1991 இல் மைக்ரோசாஃப்ட் எண்டர்டெயின்மென்ட் பேக் 3 என்னும் தொகுப்பில் வந்த ஸ்கீஃபிரீ ஆகும். அந்நிறுவனத்தில் பணியாற்றிய கிரிஸ் பிரி எழுதிய இச்சிறு விளையாட்டில், குறிப்பிட்ட தொலைவைக் கடந்ததும் பனிமனித விலங்கு ஒன்று தோன்றிச் சறுக்குபவரைப் பிடித்துத் தின்றுவிடும். விசைப்பலகையில் ஒரு குறிப்பிட்ட விசையை அழுத்தினால் அதனை விட வேகமாகச் சறுக்கலாம் என்பதை அறியாமலேயே விளையாடியோர் ஏராளம்.

ஒரே பொத்தானைக் கொண்டு, முடிவில்லாது ஓடும் விளையாட்டு வகையை 2009 இல் அமெரிக்கரான ஆடம் சால்ட்ஸ்மன் உருவாக்கிய கேனபால்ட் பரவலாக்கியது. அதில் ஓடுபவர் கட்டடக் கூரைகளின் மீது தாவிக்கொண்டே இருக்க வேண்டும். 2011 இல் செருமானியரான ஆண்ட்ரியாஸ் இல்லிகர் உருவாக்கிய டைனி விங்ஸ் விளையாட்டில் பறக்க இயலாத ஒரு பறவை குன்றுகளின் சரிவில் சறுக்கி வேகம் பெற்று, ஏற்றத்தில் எழும்பிப் பறக்கும். சரிவையே விசையாகக் கொள்ளும் உத்தி ஆல்ட்டோவுக்கு நெருக்கமானது. 2012 இல் வந்த ஸ்கீ சஃபாரி விளையாட்டில் சறுக்குபவர் பனிச்சரிவிலிருந்து தப்பி ஓடுவார். வழியில் பென்குயின் போன்ற விலங்குகளின் மீதும் ஏறிக்கொள்வார்.

ஆகவே ஆல்ட்டோவின் கூறுகளைத் தனித்தனியே எடுத்தால் அவற்றுள் முற்றிலும் புதியது என்று சொல்ல அதிகம் இல்லை. முந்தையவற்றில் ஆடுபவரை விரட்டுவது ஏதோ ஓர் அச்சம்: பனிமனிதன், இருட்டு, பனிச்சரிவு. ஆல்ட்டோவில் ஆடுபவரே துரத்துபவர். இலாமாவைப் பிடிக்காவிட்டால் குடி முழுகிப் போவதும் இல்லை. அது ஓடிவிடும், அவ்வளவுதான். இச்சிறு மாற்றம் ஆட்டத்தின் மனநிலையையே வேறாக்கிவிடுகிறது.

ஈர்ப்புக்கான காரணங்கள்

சரிவு தானாகவே இழுத்துச் செல்வது பனிச்சறுக்கின் இயல்பு. ஓட்டத்தில் ஒவ்வோர் அடியும் உழைப்பு, சறுக்கலில் புவியீர்ப்பே உழைக்கிறது. சறுக்குபவரின் வேலை எப்போது எழும்புவது, எப்போது இறங்குவது என்று தீர்மானிப்பது மட்டுமே. தொடுதிரையில் ஒற்றை விரலால் செய்யக்கூடியதும் அதுவே. ஓட்டப்பந்தயத்தையோ கால்பந்தையோ செல்பேசிக்குக் கொண்டுவரும்போது கால்களின் வேலையை விரல்களுக்கு மாற்ற வேண்டி, திரை முழுதும் பொய்ப் பொத்தான்களை நிரப்ப நேர்கிறது. பனிச்சறுக்குக்கு அத்தேவை இல்லை. பனியைக் கண்ணால் காணாத வெப்ப நாட்டவரும் இதனை முதல் நொடியிலேயே புரிந்துகொள்வதற்கு இது ஒரு காரணம் எனலாம். சாரலில் வழுக்கியோ சறுக்குமரத்தில் இறங்கியோ பழகிய உடலுக்கு இது தெரிந்த உணர்வுதான்.

மலைச்சரிவு முன்கூட்டியே வரையப்பட்டு வைக்கப்பட்டது அன்று. ஆட்டம் நடக்கும்போதே மேடும் பள்ளமும் பாறையும் பிளவும் குறிப்பிட்ட விதிகளின்படி நிரலால் ஆக்கப்படுகின்றன. இதனால் எந்த இரு பயணங்களும் ஒன்றுபோல் அமைவதில்லை. வழியை மனப்பாடம் செய்ய முடியாது, சரிவைப் பார்த்து அந்நேரத்தில் முடிவெடுக்கும் பழக்கத்தை மட்டுமே வளர்த்துக்கொள்ள முடியும். தொடக்கத்தில் ஒரு கரணத்துக்கே தடுமாறுபவர், சில நாட்களில் தோரணத்திலிருந்து எழும்பி இரு கரணங்கள் அடித்து மீண்டும் கூரையில் இறங்குவார். வீரருக்கு வலிமை கூட்டும் பொருள்கள் விளையாட்டில் உள்ளன என்றாலும், இம்முன்னேற்றத்தின் பெரும்பகுதி ஆடுபவரின் விரலில் நிகழ்வதே.

திறனும் சவாலும் ஏறத்தாழ ஒத்திருக்கும்போது மனிதர் காலம் போவது தெரியாமல் ஒரு செயலில் மூழ்கிவிடுவதை உளவியலாளர் மிகாய் சிக்சென்ட்மிகாயி 1975 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மலையேறுவோர், சதுரங்கம் ஆடுவோர், அறுவை மருத்துவர் முதலியோரை ஆராய்ந்து அவர் இக்கருத்தை உருவாக்கினார். பாய்வு நிலை எனத் தமிழில் இதனைக் குறிக்கலாம். தெளிவான இலக்கு, உடனுக்குடன் தெரியும் விளைவு ஆகியன இந்நிலைக்கு உதவுவன. ஆல்ட்டோவில் கோணம் சரியா பிழையா என்பது பலகை பனியைத் தொட்ட கணமே தெரிந்துவிடுவதால், இவ்விளக்கம் அதற்கு நன்கு பொருந்துகிறது.

விழுந்தபின் நிகழ்வதும் கவனிக்கத்தக்கது. திரை ஆடுபவரைக் கேலி செய்வதில்லை, சிவப்பு எழுத்துகளோ பேரோசையோ இல்லை. மீண்டும் தொட்டால் மீண்டும் பயணம். வியட்நாமைச் சேர்ந்த டோங் நுயென் 2013 இல் வெளியிட்ட ஃபிளாப்பி பேர்டு விளையாட்டிலும் ஒரு விரல், ஒரு தொடுதல், உடனடி மறுதொடக்கம் ஆகியவை இருந்தன. ஆனால் அதில் தோல்வி சில நொடிகளுக்கு ஒருமுறை வந்து ஆடுபவரை எரிச்சலூட்டி, அந்த எரிச்சலாலேயே மீண்டும் ஆட வைத்தது. உலகெங்கும் பெரும் புகழ் பெற்றிருந்த நிலையில், அது மக்களை அடிமையாக்கும் பொருளாகிவிட்டது எனக் கூறி பெப்ரவரி 2014 இல் அவரே அதனை விற்பனைத் தளங்களிலிருந்து நீக்கினார். ஆல்ட்டோ வெளியானது அதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின். ஏறத்தாழ ஒரே கட்டுப்பாடுகளைக் கொண்ட இரு விளையாட்டுகள், ஒன்று மனத்தைக் குத்திக் கிளறவும் மற்றது ஆற்றவும் செய்தன. வேறுபாடு விதிகளில் அல்ல, தோல்விக்கும் தோல்விக்கும் இடையே ஆடுபவருக்குத் தரப்படும் நேரத்திலும் காட்சியிலும் உள்ளது.

அக்காட்சியைப் பற்றித் தனியே கூற வேண்டும். ஆல்ட்டோவின் உருவம் திரையில் மிகச் சிறியது. எஞ்சிய இடம் முழுவதும் வானமும் அடுக்கடுக்காக மங்கிச் செல்லும் மலைகளும்தான். அருகிலுள்ளவை வேகமாகவும் தொலைவிலுள்ளவை மெதுவாகவும் நகர்வதால் ஆழம் தோன்றுகிறது. பொழுது விடிகிறது, சாய்கிறது, நிலவு எழுகிறது. மழை, இடி, பனிப்புயல், மூடுபனி, வானவில், எரிநட்சத்திரம் ஆகியவை மாறி மாறி வருகின்றன. அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல இவை. இருட்டிய பின் பாறைகள் கருநிழலாகி எளிதில் புலப்படாமல் போவதால், நன்கு தேர்ந்தவரும் விழுகின்றனர். இதனைக் குறை என்று சொல்வோர் உண்டு. ஆயினும் அந்தி சாயும்போது மலைவழி கடினமாவது இயற்கையே அன்றோ.

மென்மையான இசையும், பலகை பனியில் உரசும் ஒலியும், எழும்பியவுடன் அவ்வொலி அறுந்து காற்று மட்டும் கேட்பதும் காட்சிக்கு இணையாகச் செயற்படுகின்றன. காதொலிக் கருவி அணிந்து ஆடுமாறு உருவாக்கியவர்களே பரிந்துரைத்தனர்.

சென் முறை

2016 இல் வந்த இற்றைப்படுத்தலில் சென் முறை என்னும் தனி ஆட்டமுறையும், காட்சிகளைப் படமெடுத்து வைக்கும் வசதியும் சேர்க்கப்பட்டன. சப்பானிய பௌத்தப் பிரிவான சென்னின் பெயரால் இம்முறை அழைக்கப்பட்டாலும், அச்சமயத்தின் கோட்பாடுகள் எவையும் இதில் இல்லை. பரபரப்பற்றது என்னும் மேலோட்டமான பொருளிலேயே அச்சொல் கையாளப்பட்டுள்ளது.

இம்முறையில் புள்ளிகள் இல்லை. நாணயங்கள் இல்லை. சிறப்பு ஆற்றல்கள் இல்லை. விழுந்தால் ஆட்டம் முடிவதும் இல்லை. ஆல்ட்டோ எழுந்து, பனியைத் தட்டிவிட்டுக்கொண்டவன் போல் தொடர்ந்து சறுக்குகிறான். இதற்கெனத் தனி இசையும் உண்டு. மலையும் வானிலையும் சறுக்கலும் மட்டுமே எஞ்சுகின்றன.

மேலே கூறிய பாய்வு நிலை விளக்கம் இங்கு முழுதும் பொருந்தாது. இலக்கு இல்லை, தோல்வி இல்லை, எனவே சவாலும் இல்லை. சவாலற்ற செயல் விரைவில் சலிப்பூட்டும் என்றே அக்கோட்பாட்டின்படி எதிர்பார்க்க வேண்டும். நடப்பது வேறு. உறங்கப் போகுமுன் சில நிமிடங்கள், மருத்துவமனை வரவேற்பறையில் சில நிமிடங்கள் என மனப்பதற்றத்தைத் தணிக்க இம்முறையை நாடுவோர் பலர். அவர்கள் ஆடுகிறார்கள் என்பதை விட, சன்னலோர இருக்கையில் அமர்ந்து வெளியே பார்க்கிறார்கள் என்பதே பொருத்தம். அவ்வப்போது ஒரு தொடுதல் தேவைப்படுவதால் கைக்கும் கண்ணுக்கும் சிறு வேலை இருக்கிறது. மனம் பழைய கவலைக்குத் திரும்பிவிடாமல் தடுக்க அந்தச் சிறு வேலை போதும். நூல் நூற்பது, மாலை தொடுப்பது போன்ற கைவேலைகளில் கிடைக்கும் அமைதியை இதற்கு ஒப்பிடலாம். ஒரு வேறுபாடு உண்டு: மாலை தொடுத்தவருக்கு முடிவில் மாலை மிஞ்சும்.

எந்த இடத்திலும் நிறுத்திவிடலாம் என்பது சென் முறையின் மற்றொரு இயல்பு. வழக்கமான முறையில் "இன்னும் ஓர் இலக்கு" என்று கை நீளும். இங்கு நிறுத்துவதால் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. அதே விளையாட்டு, அதே மலை, அதே கரணம். எண்களை எடுத்துவிட்டால் இழுப்பு விசை குறைகிறது, ஈர்ப்பு குறையவில்லை. இலகு விளையாட்டுகளைக் குறித்த விவாதங்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன.

விலையும் விளம்பரமும்

ஐஓஎஸ் இயங்குதளத்தில் இவ்விளையாட்டு விலைக்கு விற்கப்பட்டது. வெளியானபோது அவ்விலை இரண்டு அமெரிக்க டாலருக்கும் குறைவு. ஆண்ட்ராய்டு பதிப்பை நூடுல்கேக் என்னும் மற்றொரு கனேடிய நிறுவனம் இலவசமாகவும் விளம்பரங்களுடனும் வெளியிட்டது. ஒரே விளையாட்டு இரு வேறு வழிகளில் வருவாய் ஈட்ட நேர்ந்தது.

இது கணக்கு வழக்கு பற்றிய செய்தி மட்டுமன்று. முன்பணம் கொடுத்து வாங்கிய விளையாட்டை எவ்வளவு நேரம் ஆடினாலும் உருவாக்கியவருக்கு வருவாய் ஒன்றே. எனவே ஆடுபவர் நிறுத்துவதால் அவருக்கு இழப்பில்லை. விளம்பரத்தால் வாழும் விளையாட்டுக்கோ ஆடுபவர் திரும்பத் திரும்ப வருவதும், ஆட்டம் அடிக்கடி முடிவதும் தேவை. ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியே விளம்பரத்துக்கு வாய்ப்பான இடம். விழுந்தாலும் ஆட்டம் முடியாத சென் முறையில் அவ்விடைவெளியே இல்லை. அமைதியை விற்பனைப் பொருளாகக் கொண்ட விளையாட்டு ஒன்று, அவ்வமைதிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை எதிர்கொண்டே ஆக வேண்டியிருந்தது. 2010களின் நடுப்பகுதியில் செல்பேசி விளையாட்டுகளை உருவாக்கிய சிறு குழுக்கள் பலவற்றுக்கும் இக்கேள்வி பொதுவானது.

உருவாக்கம்

ஸ்னோமேன் நிறுவனம் முதலில் விளையாட்டு நிறுவனமாக இயங்கவில்லை. ரையன் கேஷ், ஜோர்டன் ரோசன்பெர்க் ஆகியோர் செக்மார்க் என்னும் நினைவூட்டல் செயலியை 2012 இல் வெளியிட்டிருந்தனர். கேஷ் பனிச்சறுக்கில் ஈடுபாடு உடையவர். ரொறன்ரோவில் இருந்த இவர்களும் இங்கிலாந்தில் இருந்த நெஸ்பிட்டும் பெரும்பாலும் இணையம் வழியாகவே இணைந்து பணியாற்றினர். விளையாட்டின் ஓவியமும் நிரலும் நெஸ்பிட்டின் கைவண்ணம். ஓவியரும் நிரலாளரும் ஒருவரே ஆனது, ஒளியும் வானிலையும் ஆட்டத்தோடு பிரிக்க முடியாதபடி பின்னப்பட்டிருப்பதற்குக் காரணமாக இருக்கலாம்.

தொடர்ச்சிகள்

ஆல்ட்டோஸ் ஒடிசி என்னும் தொடர்ச்சி பெப்ரவரி 2018 இல் ஐஓஎஸ் கருவிகளுக்கும், அதே ஆண்டு சூலையில் ஆண்ட்ராய்டுக்கும் வெளியானது. இதில் பனிமலைக்கு மாறாகப் பாலைவன மணற்குன்றுகளில் சறுக்க வேண்டும். பள்ளத்தாக்குகள், பாழடைந்த கோயில்கள், வெப்பக்காற்றுக் கூண்டுகள், துரத்தி வரும் லெமூர் விலங்குகள் ஆகியன இதன் புதுமைகள். பாறைச்சுவரின் மீது பலகையை ஏற்றிச் சறுக்கும் வித்தையும் சேர்க்கப்பட்டது. இசையமைத்தவர் டாட் பேக்கர். முதல் விளையாட்டில் ஓராண்டுக்கு மேல் கழிந்து சேர்க்கப்பட்ட சென் முறை, இதில் முதல் நாளிலிருந்தே இடம்பெற்றது. 2018 ஆம் ஆண்டின் ஆப்பிள் வடிவமைப்பு விருது பெற்றவற்றுள் இதுவும் ஒன்று.

இரு விளையாட்டுகளும் ஒரே தொகுப்பாக 2020 இல் கணினிகளுக்கும் நிகழ்பட விளையாட்டு இயந்திரங்களுக்கும் வெளியாகின. பெரிய திரையில் சுட்டியையோ கைப்பிடியையோ கொண்டு ஆடும்போதும் தேவைப்படுவது ஒரே பொத்தான்தான். விரிவாக்கப்பட்ட பதிப்புகளான ஆல்ட்டோஸ் ஒடிசி: தி லாஸ்ட் சிட்டி 2021 இலும், ஆல்ட்டோஸ் அட்வென்ச்சர்: தி ஸ்பிரிட் ஆஃப் தி மவுண்டன் 2022 இலும் ஆப்பிள் ஆர்க்கேடு என்னும் சந்தா சேவையில் வெளியாகின. அச்சேவையின் விதிகளின்படி அதிலுள்ள விளையாட்டுகளில் விளம்பரங்களுக்கு இடமில்லை.